விநாடியில் மறையும் விண்ணொளி

பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கெய்கர் எண்ணியைக் கொண்டு ஒரு சோதனை செய்தோம். கதிரியக்கப் பொருள் எதுவும் அருகில் இல்லாதபோதும் அந்தக் கருவி அவ்வப்போது எண்ணிக்கொண்டே இருக்கும். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் கதிர்களே அதற்குக் காரணம். நிமிடத்துக்கு எத்தனை என்று முப்பது முறை எண்ணிச் சராசரி காண வேண்டும். என் குறிப்பேட்டில் 22, 19, 25, 21 என்று எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பதினேழாம் முறை மட்டும் 64 என்று வந்தது. சராசரி கெட்டுவிடுமே என்ற அச்சத்தில் அந்த எண்ணை அடித்துவிட்டு, மறுபடியும் எண்ணி 23 என்று எழுதிக்கொண்டேன்.

பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்த்தார். "இதை ஏன் தம்பி அடித்திருக்கிறாய்?" என்று கேட்டார். "தவறான அளவு சார்" என்றேன். "தவறு என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "கம்பி தளர்ந்திருக்கலாம், மின்னழுத்தம் ஏறியிருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அப்போது மணி என்ன என்றுகூட நீ குறிக்கவில்லை. இனி அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். பிறகு, "காமாக் கதிர் வெடிப்புகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படித்துவிட்டு வா" என்று அனுப்பினார். அவ்வாறு படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் குறிப்பேட்டில் வந்த 64, விண்ணில் நிகழ்ந்த காமா வெடிப்பால் வந்ததன்று. வானிலிருந்து வரும் காமாக் கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அவை தரைக்கு வந்து சேர்வதில்லை. எனவே அந்த 64 என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நானே அழித்துவிட்டேன் என்பது மட்டும் தெரியும்.

குண்டைத் தேடியவர்கள்

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளுக்கு இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. காமாக் கதிரின் ஒரு துகளுக்கோ இலட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். அணுக்கருவுக்குள் நிகழும் மாற்றங்களிலும், அணுகுண்டு வெடிக்கும்போதும் இக்கதிர்கள் வெளிப்படுகின்றன. காமாக் கதிர் வெடிப்புகளின் வரலாறு தொடங்குவதும் அணுகுண்டிலிருந்துதான்.

1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்பது ஒப்பந்தம். மற்றவர் சொல்லைக் காப்பாரா என்ற ஐயம் எழுந்தது. எவரேனும் விண்வெளியில் திருட்டுத்தனமாகக் குண்டு வெடித்தால் கண்டுபிடிப்பதற்காக, அவ்வாண்டு அக்டோபர் முதல் 'வேலா' என்னும் செயற்கைக்கோள்களை அமெரிக்கா இரண்டிரண்டாக ஏவியது. அவை ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பூமியைச் சுற்றின. காமாக் கதிர்களை உணரும் கருவிகள் அவற்றில் பொருத்தப்பட்டிருந்தன.

1967 ஜூலை 2ஆம் நாள் வேலா செயற்கைக்கோள்கள் ஒரு காமா மின்னலைப் பதிவு செய்தன. ஆனால் அது அணுகுண்டின் வடிவில் இல்லை. குண்டின் ஒளி விநாடியின் மிகச் சிறு பங்கில் பாய்ந்து அடங்கும். இதுவோ சில விநாடிகள் நீடித்தது. ஒருமுறை எழுந்து தணிந்து மீண்டும் எழுந்தது. அன்று சூரியனிலும் குறிப்பிடத்தக்க கொந்தளிப்பு எதுவும் இல்லை.

லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரே கிளெபசடெல், ராய் ஓல்சன் ஆகிய இருவரும் 1969இல் பழைய பதிவுகளைத் தாள் தாளாகப் புரட்டியபோதுதான் இது அவர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் தேடியது குண்டை. கிடைத்தது குண்டு அன்று. அவர்களும் என்னைப்போல் 'தவறான அளவு' என்று அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அதைக் கோப்பில் பத்திரமாக வைத்தார்கள். இன்னும் நுண்மையாகக் காலத்தை அளக்கும் கருவிகள் வரட்டும் என்று காத்திருந்தார்கள். பின்னர் ஏவப்பட்ட ஐந்தாம், ஆறாம் வேலா இணைகள் விநாடியின் 64இல் ஒரு பங்கு வரை காலத்தைப் பிரித்துக் காட்டின. அவற்றைக் கொண்டு, 1969 ஜூலை முதல் 1972 ஜூலை வரை நிகழ்ந்த 16 வெடிப்புகளை ஆராய்ந்து, அயன் ஸ்ட்ராங் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, 1973இல் உலகுக்கு அறிவித்தார்கள். இவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அதிர்வேட்டும் இரண்டு ஊர்களும்

திசை காட்டாத கருவியை வைத்துக்கொண்டு, பூமியிலிருந்து வரவில்லை என்று எப்படிச் சொன்னார்கள்? இதற்கு விடை மிக எளிது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறார்கள். கிழக்கூரில் இருப்பவர் அதை முதலில் கேட்கிறார். மேற்கூரில் இருப்பவர் மூன்று விநாடி கழித்துக் கேட்கிறார். வேட்டு கிழக்கூருக்கு அருகில் வெடித்தது என்பதை இருவரும் கடிகாரத்தை மட்டும் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒளிக்கும் இதே கணக்குதான். ஒளி விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இரண்டு செயற்கைக்கோள்கள் 2 இலட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். ஒன்றில் பதிவாகி மூன்றில் ஒரு விநாடி கழித்து மற்றதில் பதிவானால், கதிர் கூடுதலாக நடந்த தூரம் 1 இலட்சம் கிலோமீட்டர். அதை இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும் 1/2 என்பது, கதிர் வந்த திசைக்கும் இரு கோள்களை இணைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். ஆகவே கோணம் 60 பாகை. பள்ளியில் படித்த முக்கோணவியல் இங்கே பயன்படுவதைக் காண்க.

ஆனால் 60 பாகைக் கோணத்தில் ஒரு புள்ளி மட்டுமா இருக்கிறது? வானத்தில் ஒரு முழு வளையமே இருக்கிறது. மூன்றாவது கோள் ஒன்று இருந்தால் இன்னொரு வளையம் கிடைக்கும். இரு வளையங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். கோள்களுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட இடம் துல்லியமாகும். இதற்காகவே 1970களின் இறுதியிலிருந்து, வெள்ளிக்கோளுக்கும் சூரியனுக்கும் அனுப்பிய ஆய்வுக்கலங்களிலும் சிறு காமா உணர்கருவிகளை வைத்து, கோள்களுக்கிடையே ஒரு கண்காணிப்பு வலையை விரித்தார்கள். அந்த வலை இன்றளவும் பயன்பட்டு வருகிறது. இதில் ஒரு குறை உண்டு. தொலைதூரக் கலங்களிலிருந்து பதிவுகள் வந்து சேர்ந்து, கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் ஆகிவிடும். வெடிப்போ சில விநாடிகளில் மறைந்துவிடும்.

அருகிலா, தொலைவிலா?

இடம் தெரியாததால் பெரிய குழப்பம் நேர்ந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் இவ்வெடிப்புகளை விளக்க நூற்றுக்கும் மேற்பட்ட கொள்கைகள் தோன்றிவிட்டன. நம் பால்வழி மண்டலத்திலுள்ள நியூட்ரான் விண்மீன்களில் நிகழ்பவை என்றனர் ஒரு சாரார். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்பவை என்றனர் மற்றொரு சாரார்.

இது சிறு வேறுபாடு அன்று. நமக்கு வந்து சேரும் ஒளியின் அளவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை அறிவோம். தொலைவை 10,000 மடங்கு குறைத்து மதிப்பிட்டால், ஆற்றலை 10 கோடி மடங்கு குறைத்து மதிப்பிட்டவர்கள் ஆவோம். 3 இலட்சம் ஒளியாண்டா, 300 கோடி ஒளியாண்டா என்பதே அன்றைய கேள்வி. இரண்டுக்கும் இடையே அதே 10,000 மடங்கு வேறுபாடு இருக்கிறது.

1991 ஏப்ரல் 5ஆம் நாள் 'காம்ப்டன்' என்னும் காமாக் கதிர் ஆய்வுக்கலம் விண்ணில் ஏவப்பட்டது. அதன் எட்டு மூலைகளிலும் 'பாட்சே' என்ற கருவியின் எட்டு உணர்விகள் இருந்தன. அதனால் பூமி மறைக்காத வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் அதனால் கவனிக்க முடிந்தது. ஒன்பதாண்டுகளில் 2,704 வெடிப்புகளை அது பதிவு செய்தது. அவற்றை வான வரைபடத்தில் குறித்தபோது, வானத்தின் எல்லாப் பக்கமும் அவை ஒரே சீராகச் சிதறிக் கிடந்தன.

ஒரு தென்னந்தோப்பின் நடுவில் நில்லாமல் ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்தும் மறு பக்கம் குறைந்தும் தெரியும். நாம் பால்வழியின் மையத்தில் இல்லை, ஒதுங்கியே இருக்கிறோம். வெடிப்புகள் பால்வழியைச் சேர்ந்தவையாயின், அவை பால்வழிப் பட்டையை ஒட்டியே மிகுதியாகத் தெரிய வேண்டும். அவ்வாறு தெரியவில்லை. ஆகவே அவை வெகுதொலைவில் இருப்பவை என்று போதான் பச்சின்ஸ்கி வாதிட்டார். பால்வழியைச் சுற்றி மிகப் பெரிய ஒளிவட்டம்போல் பரவிய நியூட்ரான் விண்மீன்களாகவும் இருக்கலாமே என்று டொனால்டு லாம்ப் மறுத்தார். 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் இருவரும் பொதுமேடையில் வாதிட்டனர். அந்த வாதம் முடிவுக்கு வரவில்லை, வரவும் முடியாது. வெடிப்பு ஒன்றின் இருப்பிடத்தைச் சரியாகக் குறித்து, அங்கே என்ன இருக்கிறது என்று தொலைநோக்கியில் பார்த்தால் அன்றித் தீர்ப்புக் கிடைக்காது. பாட்சே காட்டிய இடமோ பல பாகை அகலம் உடையது. முழுநிலாவின் அகலமே அரைப் பாகைதான். அவ்வளவு பரந்த வானத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்களும் அண்டங்களும் இருக்கும். எதைப் பார்ப்பது?

பின்னொளிர்வு

அடித்து ஓய்ந்த கோயில் மணியில் சிறிது நேரம் நாதம் நின்று ஒலிக்கிறது. அதுபோல, காமா வெடிப்பு முடிந்த பிறகும் அதே இடத்தில் எக்ஸ் கதிரும் கண்ணுறு ஒளியும் வானொலி அலையும் மணிக்கணக்கில் மங்கி மங்கி ஒளிர வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் கூறியிருந்தனர். இதைப் பின்னொளிர்வு என்போம். காமாக் கதிரை வளைத்துக் குவிப்பது அரிது. எக்ஸ் கதிரையும் ஒளியையும் குவிக்கலாம். எனவே பின்னொளிர்வைப் பிடித்தால் இடத்தைப் பிடிக்கலாம்.

1996 ஏப்ரலில் இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து ஏவிய 'பெப்போசாக்ஸ்' கலம் இதைச் சாதித்தது. 1997 பிப்ரவரி 28ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பை அது பதிவு செய்தது. முழுநிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள சிறு வட்டத்துக்குள் இடத்தைக் குறித்தது. எட்டு மணி நேரத்தில் கலத்தைத் திருப்பி, நுண்ணிய எக்ஸ் கதிர்க் கருவியால் பார்த்தபோது அங்கே ஒரு புதிய ஒளி இருந்தது. சில நாட்களில் அது மங்கிவிட்டது. செய்தி பறந்தது. அன்றிரவே கனரித் தீவுகளில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த இடத்தைப் படமெடுத்தது. மார்ச் 8ஆம் நாள் மீண்டும் படமெடுத்தார்கள். முதல் படத்தில் இருந்த ஓர் ஒளிப்புள்ளி இரண்டாம் படத்தில் இல்லை. அதுவே பின்னொளிர்வு.

இரண்டே மாதங்களில், 1997 மே 8ஆம் நாள் வெடிப்பில், தொலைவும் கிடைத்தது. ஹவாயின் கெக் தொலைநோக்கி அதன் பின்னொளிர்வின் நிறமாலையை எடுத்தது. நம் ஆய்வுக்கூடத்தில் 2,796 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், புற ஊதாப் பகுதியில் தோன்றும் மெக்னீசியத்தின் கோடு, அந்த நிறமாலையில் ஏறத்தாழ 5,131 ஆங்ஸ்ட்ராமில், பச்சை நிறத்தில் இருந்தது. பேரண்டம் விரிவதால் அலை நீண்டுவிட்டது, இதுவே செந்நகர்ச்சி. நீட்சியின் அளவு 0.835. அதாவது, அந்த ஒளி ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது. முப்பதாண்டு வாதத்தை ஒரு கோட்டின் இடமாற்றம் முடித்துவைத்தது.

இப்போது ஆற்றலைக் கணக்கிடுவோம். சூரியன் விநாடிக்கு 3.8 × 10²⁶ ஜூல் வெளியிடுகிறது. ஓராண்டுக்கு 3.15 × 10⁷ விநாடி. சூரியனின் வாழ்நாள் 1,000 கோடி ஆண்டு என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 1.2 × 10⁴⁴ ஜூல் ஆகிறது. ஒரு பெரிய காமா வெடிப்பு, எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்ந்ததாகக் கொண்டால், இதையும் விஞ்சிய ஆற்றலைச் சில விநாடிகளில் கொட்டிவிடுகிறது. உண்மையில் அது எல்லாத் திசையிலும் ஒளிர்வதில்லை. டார்ச் விளக்கைப்போலக் குறுகிய தாரையாகப் பாய்கிறது. தாரை நம்மை நோக்கி இருந்தால்தான் நமக்குத் தெரியும். அதனால் தேவைப்படும் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. அப்போதும் அது ஒரு விண்மீனின் மரணத்தால் அன்றிக் கிட்டாத ஆற்றலே. 2003 மார்ச் 29ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பின் பின்னொளிர்வு மங்கியபோது, அதனுள்ளிருந்து சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பின் நிறமாலை வெளிப்பட்டு இதை உறுதி செய்தது. பெருவிண்மீனின் நடுப்பகுதி குலைந்து கருந்துளையாகும்போது நீண்ட வெடிப்புகள் பிறக்கின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

உழவாரன் குருவி

எட்டு மணி நேரம் என்பது இன்னும் நீண்ட நேரமே. அதைக் குறைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, செய்தியை விரைவாகச் சொல்வது. 1990களில் நாசா ஒரு செய்தி வலையை அமைத்தது. விண்கலம் வெடிப்பை உணர்ந்ததும், மனிதக் கை படாமலே, அதன் இடம் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளுக்குச் சென்றுவிடும். 1999 ஜனவரி 23ஆம் நாள் இதன் பயன் தெரிந்தது. லாஸ் அலமாஸில் இருந்த 'ரோட்சி' என்னும் தானியங்கிக் கருவி, செய்தி கிடைத்ததும் திரும்பி, வெடிப்புத் தொடங்கிய 22ஆம் விநாடியில் முதல் படத்தை எடுத்தது. காமாக் கதிர் இன்னும் ஓயாத நேரம் அது. 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த அந்த ஒளி, பைனாகுலரால் பார்க்கத்தக்க அளவு ஒளிர்ந்தது. அதைப் பிடித்த ரோட்சி ஒரு பெரிய தொலைநோக்கி அன்று. புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் நீள்குவிய லென்சுகள் நான்கைச் சேர்த்துச் செய்தது.

மற்றொரு வழி, விண்கலமே தானாகத் திரும்பிப் பார்ப்பது. 2004 நவம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்ட 'சுவிஃப்ட்' இதற்காகவே செய்யப்பட்டது. சுவிஃப்ட் என்பது வேகத்தைக் குறிக்கும் சொல் மட்டுமன்று; பறந்தபடியே பூச்சி பிடிக்கும் ஒரு பறவையின் பெயரும்கூட. தமிழில் அதை உழவாரன் குருவி என்கிறோம்.

சுவிஃப்டில் மூன்று கருவிகள் உள்ளன. முதலாவது, 15,000 முதல் 1,50,000 எலக்ட்ரான் வோல்ட் வரை உணரும் காமாக் கருவி. காமாக் கதிரை லென்சால் குவிக்க இயலாது என்றால் படம் எப்படி எடுப்பது? கீற்றுப் பந்தலின் கீழ் நின்று பாருங்கள். ஓட்டைகள் வழியாகத் தரையில் ஒளிப்பொட்டுகள் விழும். வெயில் சாயச் சாய அந்தப் பொட்டுக்கோலம் முழுவதும் நகரும். பந்தலின் ஓட்டைகள் எங்கெங்கே உள்ளன என்று தெரிந்திருந்தால், கோலத்தை மட்டும் பார்த்தே சூரியன் எங்கே என்று சொல்லிவிடலாம். சுவிஃப்டின் பந்தல், ஏறத்தாழ 52,000 சிறு ஈயத் துண்டுகளை ஒழுங்கின்றிப் பதித்த ஒரு திரை. அதன் தரை, 32,768 காட்மியம் துத்தநாக டெல்லூரைடு உணர்விகள். விழும் நிழலைக் கலத்திலுள்ள கணிப்பொறி ஆராய்ந்து, சில விநாடிகளில் இடத்தைக் கணக்கிடுகிறது. உடனே கலம் தானே அத்திசைக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்குள் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும், 30 சென்டிமீட்டர் ஆடி கொண்ட புற ஊதா–கண்ணுறு ஒளித் தொலைநோக்கியும் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன.

2008 மார்ச் 19ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பு, இருண்ட வானத்தின் கீழ் நின்றவருக்குச் சில விநாடிகள் வெறுங்கண்ணாலேயே தெரிந்திருக்கும். அது 750 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனும் பூமியும் தோன்றுமுன் புறப்பட்ட ஒளி. அதே ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஏவப்பட்ட 'ஃபெர்மி' கலம், சுவிஃப்டுக்குத் துணையாக ஏறத்தாழ முழு வானத்தையும் காவல் காக்கத் தொடங்கியது.

பொன் பிறந்த இடம்

காமா வெடிப்புகளில் இரண்டு விநாடிக்கு மேல் நீடிப்பவை, அதற்குள் அடங்குபவை என இரு வகை உண்டு. குறுகிய வகை, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மோதுவதால் விளைவது என்று எண்ணியிருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 17ஆம் நாள் அதற்குச் சான்று கிடைத்தது. அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ ஆகிய நிலையங்கள், அத்தகைய மோதலின் ஈர்ப்பலைகளை உணர்ந்தன. மோதல் நேர்ந்து 1.7 விநாடி கழித்து ஃபெர்மி ஒரு குறுகிய காமா வெடிப்பைப் பதிவு செய்தது. ஐரோப்பாவின் 'இன்டெக்ரல்' கலமும் அதைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 11 மணி நேரத்தில் சிலி நாட்டிலுள்ள ஒரு மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஓர் அண்டத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. அதன் நிறமாலையில், கனமான தனிமங்கள் புதிதாகப் பிறந்ததன் அடையாளம் இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் அணியும் பொன்னில் ஒரு பகுதியேனும் இத்தகைய மோதல்களில் பிறந்தது என்று கருத இடமுண்டு. 13 கோடி ஆண்டு பயணத்தில் இரண்டு விநாடிகூட வேறுபாடின்றி வந்து சேர்ந்ததால், ஈர்ப்பலையும் ஒளியும் 10¹⁵இல் ஒரு சில பங்குக்குள் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பதும் தெளிவாயிற்று.

ஆயினும் விதி எழுதி முடிந்துவிடவில்லை. 2021 டிசம்பர் 11ஆம் நாள் வெடிப்பு ஏறத்தாழ 50 விநாடி நீடித்தது. கணக்குப்படி அது பெருவிண்மீனின் மரணமாக இருக்க வேண்டும். ஆனால் பின்னொளிர்வுக்குள் தெரிந்தது நியூட்ரான் விண்மீன் மோதலின் ஒளி. அதைப் பின்தொடர்ந்த தொலைநோக்கிகளில், நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள நம் நாட்டின் 3.6 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று.

நம் நாட்டின் பங்கு

2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆஸ்ட்ரோசாட்' ஏவப்பட்டது. அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெல்லூரைடுக் கருவி, இயங்கத் தொடங்கிய முதல் நாளான அக்டோபர் 6ஆம் நாளே ஒரு காமா வெடிப்பைப் பதிவு செய்தது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான வெடிப்புகளை அது கண்டிருக்கிறது.

அதன் பணிகளில் என்னைக் கவர்ந்தது ஒன்று. 2017 ஜனவரி 4ஆம் நாள், இரண்டு கருந்துளைகள் இணைந்த ஈர்ப்பலை உணரப்பட்டது. அத்திசையில் தேடியபோது மங்கி வரும் ஓர் ஒளிப்புள்ளி தென்பட்டது. இரண்டும் ஒன்றே என்றால் அது மாபெரும் கண்டுபிடிப்பு. ஆனால் ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகளை ஆராய்ந்த நம் நாட்டு அறிஞர்கள், ஈர்ப்பலைக்கு 21 மணி நேரம் கழித்து ஒரு தனிக் காமா வெடிப்பு நிகழ்ந்திருப்பதைக் கண்டார்கள். அந்த ஒளிப்புள்ளி அதனுடைய பின்னொளிர்வே. கருந்துளைகளோடு அதற்குத் தொடர்பில்லை. நேரத்தைச் சரியாகக் குறித்து வைத்திருந்த ஒரு கருவி, உலகம் தவறான முடிவுக்கு வராமல் காத்தது. இதைப் படித்தபோது, மணி குறிக்காத என் குறிப்பேடு நினைவுக்கு வந்தது.

கூட்டு முயற்சி

தேர்ந்தவர்களுக்கும் தவறு நேரும். 2022 அக்டோபர் 9ஆம் நாள் சுவிஃப்ட் ஒரு புதிய ஒளியைக் கண்டது. அது பால்வழிப் பட்டையை ஒட்டி இருந்ததால், நம் மண்டலத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு பொருள் என்றே முதலில் அறிவித்தார்கள். ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பே ஃபெர்மி மிகப் பெரிய வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தது. இரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. அதுவரை பதிவான காமா வெடிப்புகள் அனைத்திலும் பிரகாசமானது. 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்கது என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்தும், நம் வளிமண்டலத்தின் அயனி அடுக்கை அது கலக்கியது. முதல் அறிவிப்பு தவறு என்று தெரிந்ததும் அதை ஒளிக்காமல் திருத்தி, உலகறியச் சொன்னார்கள்.

2024 ஜூன் 22ஆம் நாள் சீனாவும் பிரான்சும் சேர்ந்து 'ஸ்வோம்' என்னும் கலத்தை ஏவின. 2025 மார்ச் 14ஆம் நாள் அது கண்ட வெடிப்பின் செந்நகர்ச்சி 7.3, பேரண்டத்துக்கு ஏறத்தாழ 73 கோடி வயது ஆகியிருந்தபோது இறந்த விண்மீன் அது. பேரண்டத்தின் விரிவால் அங்கே பத்து நாளில் நடப்பது நமக்கு 83 நாளாக நீண்டு தெரியும். ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் பொறுத்திருந்து, 'ஜேம்ஸ் வெப்' தொலைநோக்கியால் பார்த்து, அதன் சூப்பர்நோவா ஒளியைக் கண்டார்கள். விரைவு வேண்டிய இடத்தில் விரைவும், பொறுமை வேண்டிய இடத்தில் பொறுமையும் இத்துறைக்குத் தேவை.

நண்பர்களே, நம் கல்லூரியில் பெரிய தொலைநோக்கி இல்லை. விண்கலம் நம் கைக்கு எட்டாது. ஆனால் காமா வெடிப்புகளைப் பற்றி உலகெங்குமிருந்து அறிஞர்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஃபெர்மி, சுவிஃப்ட் பதிவுகள் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. மேலே நான் போட்ட கொசைன் கணக்கையும் செந்நகர்ச்சிக் கணக்கையும் உண்மையான பதிவுகளைக் கொண்டு நம் துறையிலுள்ள கணிப்பொறியிலேயே செய்து பார்க்கலாம். இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து அதைத் தொடங்கியிருக்கிறோம். சேர விரும்புவோர் இயற்பியல் துறைக்கு வரலாம். எந்தத் துறையினராயினும் வரலாம்.

கெய்கர் எண்ணிச் சோதனையை நான் மறுபடி செய்தேன். முப்பது அளவுகளுக்குப் பதில் நூறு அளவுகள் எடுத்தேன். 64 மீண்டும் வரவில்லை. எனவே அதற்குக் காரணம் கம்பியா, மின்னழுத்தமா என்பது இன்றும் தெரியாது. ஆனால் இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வோர் அளவுக்கும் எதிரே நேரம் இருக்கிறது. அடித்த இடம் ஒன்றுகூட இல்லை. பேராசிரியர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத் தந்தார்.